ஒரே வீட்டில் பேசாத இருவர்

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, மாதக் கணக்கில் ஒருவரோடொருவர் பேசாமலே காலம் தள்ளும் மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? இப்போது அநேக வீடுகளில் இதே கோலத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஹாலில் ஒன்று, பழையது. அறையில் மற்றொன்று, புதியது. இரண்டுக்கும் இன்டர்நெட் வருகிறது. இரண்டிலும் சினிமா ஓடுகிறது, பாட்டுக் கேட்கிறது. ஆனால் ஒன்றில் இருக்கும் ஒரு புகைப்படத்தை மற்றொன்றில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், "அப்படி ஒருவர் இந்த வீட்டில் இருப்பதாகவே எனக்குத் தெரியாதே!" என்று கையை விரித்துவிடுகின்றன.

இந்தப் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்று இதைப் பற்றித்தான். எழுதியவர் வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சகோதரி. பதினோரு வருஷத்து வாடிக்கைக்காரர்களின் அளவுகள், வரவு செலவுக் கணக்கு, காலமான கணவரின் புகைப்படங்கள் எல்லாம் ஹாலில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மகள் வாங்கிக் கொடுத்த லாப்டாப் மாடி அறையில் இருக்கிறது. மாடியில் உட்கார்ந்தபடியே கீழே உள்ளவற்றைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார். முடியவில்லை. ரிப்பேர் பார்க்க வந்தவர் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய மெஷினை ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா" என்று சொல்லி, அதற்குக் கூலியும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். "அவர் சொன்னபடி செய்யலாமா? வேறு வழியே கிடையாதா?" என்று சகோதரி கேட்டிருக்கிறார்.

செய்யக் கூடாது. வேறு வழி தாராளமாக உண்டு. ஃபார்மட் செய்வதென்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. தெருவில் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதற்காக யாராவது வீட்டை இடிப்பார்களா? இரண்டு கம்ப்யூட்டர்களும் தனித்தனியே நன்றாக வேலை செய்கின்றன. கோளாறு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதை இடையில்தான் தேட வேண்டும்.

முதலில் ஒரு பிரதி

தேடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம். அழிந்தால் திரும்பி வராது என்று நீங்கள் நினைக்கும் படங்களையும் கணக்குகளையும் ஒரு பென் டிரைவிலோ, வெளியில் சொருகும் ஹார்டு டிஸ்க்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். அதை எடுத்துப் பீரோவில் வையுங்கள். இதற்கு எந்த நெட்வொர்க்கும் தேவையில்லை. பிரதி பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம் வந்துவிட்டால், அப்புறம் எதைத் தொட்டாலும் கை நடுங்காது. யார் வந்து எதைச் சொன்னாலும் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கீழிருந்து மேலே

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எங்கே புரியப் போகிறது?" என்று அந்தச் சகோதரி கடிதத்தில் ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அவரிடம் ஒன்று கேட்கிறேன். தையல் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மெஷினை எடைக்குப் போட்டுவிடுகிறீர்களா? ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அடுத்து, நூல் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பிறகு பாபினைக் கழற்றிப் பார்க்கிறீர்கள். ஒன்றைச் சரி செய்ததும் ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறீர்கள்.

நெட்வொர்க்குக்கும் வைத்தியம் இதுவேதான். அடியில் கம்பி அல்லது வைஃபை. அதற்கு மேல் முகவரி. அதற்கு மேல் காவல். எல்லாவற்றுக்கும் மேலே பெயரும் பாஸ்வேர்டும். கீழே உள்ளது சரியாக இல்லாமல் மேலே உள்ளதைத் திருத்திப் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு படியிலும், "இதுவரை போகிறதா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து விஷயங்களை ஒன்றாகக் கலைத்துவிட்டால், எது சரியாயிற்று, எது கெட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கம்பியும் விளக்கும்

இரண்டு கம்ப்யூட்டர்களும் விழித்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் சிறிது நேரத்தில் தானாகவே தூங்கிவிடும். தூங்குகிறவர் பதில் சொல்ல மாட்டார். சோதனை முடியும் வரையில் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் மூலம் இணைத்திருந்தால், அது சொருகியிருக்கும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதிகமாகக் கெட்டுப்போவது கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கிதான். அது ஒடிந்துவிட்டால் முனை உள்ளே இருப்பது போலவே தோன்றும். ஆனால் பிடிப்பு இருக்காது. பெருக்கும்போது துடைப்பம் பட்டால்கூடத் தொடர்பு அறுந்துவிடும். அந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கிவிடப்பட்டிருக்கின்றன. வேகமான இணைப்புக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். மெதுவான இணைப்புக்கு இரண்டே போதும். ஆகையால் ஒரு கம்பி அறுந்தாலும் சில சமயம் வேலை நிற்காது, வேகம் மட்டும் படுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். இதைவிட மலிவான பரீட்சை கிடையாது.

இந்த மாதிரிக் கம்பி போட்டுக் கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கும் ஈதர்நெட் முறை நேற்றுப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி அதைப் பற்றிய குறிப்பை எழுதினார். 2022-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு அவருக்கு இதற்காகவே கிடைத்தது. ஐம்பது வருஷம் அடிபட்டுத் தேறிய முறை இது. நம் வீட்டில் மட்டும் அது வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் அற்பமாகத்தான் இருக்கும்.

வைஃபை உள்ளவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே பெயருள்ள வைஃபையில் இருக்கின்றனவா? பல ரௌட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று 'கெஸ்ட்' என்ற தனி வைஃபை உண்டு. அதில் சேருகிறவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். ஆனால் வீட்டில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார்த்திக் காப்பி கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்கள் லாப்டாப் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கதவு எண்

கம்பியும் வைஃபையும் சரி. அடுத்தது முகவரி. விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால், கீ போர்டில் விண்டோஸ் சின்னம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு ஸி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்புப் பலகை திறக்கும். பயப்பட வேண்டாம். அதில் ஐ, பி, ஸி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துக்களையும் இடைவெளி விடாமல் அடித்து மறுபடியும் என்டர் தட்டுங்கள். இது எதையும் மாற்றாது. இருப்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

வருகிற வரிகளில் 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற இடத்தில் 192.168.1.7 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். அதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் உள்ளேயே புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டிலும் அது இருக்கலாம், எதிர் வீட்டிலும் அதே எண் இருக்கலாம், குழப்பம் வராது. 'டிஃபால்ட் கேட்வே' என்ற இடத்தில் இருப்பது ரௌட்டரின் முகவரி. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இவற்றைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் மூன்று எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டு ரௌட்டர்களில் அந்த மூன்றும் தெருப் பெயர் மாதிரி. கடைசி எண் கதவு இலக்கம் மாதிரி. தெரு ஒன்றாகவும் இலக்கம் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும்.

ஒன்றில் 169.254 என்று தொடங்கினால், "எனக்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை, நானாக ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்று கம்ப்யூட்டர் சொல்வதாக அர்த்தம். ரௌட்டரிலிருந்து முகவரி வந்து சேரவில்லை. ரௌட்டரை ஒரு தடவை நிறுத்திப் போட்டுவிட்டு, முன் படிக்குத் திரும்பிக் கேபிளையும் வைஃபையையும் மறுபடி பாருங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரௌட்டரே இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே கேபிளால் நேராக இணைத்திருந்தால், இரண்டும் இப்படி எண் வைத்துக்கொள்வது சகஜம். அந்த எண்களோடேயே அவை பேசிக்கொள்ளும். முன்பு இதற்கென்று கம்பி மாற்றிக் கட்டிய விசேஷக் கேபிள் வேண்டியிருந்தது. இப்போதுள்ள கம்ப்யூட்டர்களுக்குச் சாதாரணக் கேபிளே போதும்.

தையல் சகோதரிக்குத் தனியாகப் பதில் போட்டு இந்த எண்களைக் கேட்டிருந்தேன். ஹால் கம்ப்யூட்டர் 192.168.1.7. மாடி லாப்டாப் 192.168.0.103. பார்த்தவுடனே பாதி விஷயம் விளங்கிவிட்டது. இரண்டும் வெவ்வேறு தெருக்கள்! மாடியில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று இரண்டாவது ரௌட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். அது கீழேயுள்ள ரௌட்டரிடம் இன்டர்நெட்டை வாங்கிக்கொண்டு, மாடியில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இன்டர்நெட் தடையில்லாமல் வந்ததால் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை.

இதற்குப் பரிகாரம் சுலபம். பல ரௌட்டர்களில் 'ஆக்ஸஸ் பாயின்ட்' என்ற முறை இருக்கிறது. இரண்டாவது ரௌட்டரை அதற்கு மாற்றிவிட்டால், அது தனிக்குடித்தனத்தை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். அந்த முறை இல்லாத ரௌட்டர் என்றால், அதற்குக் கீழ் ரௌட்டரின் தெருவிலேயே யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணைக் கொடுத்து, முகவரி வழங்கும் 'டிஹெச்ஸிபி' வேலையை அதில் நிறுத்திவிட வேண்டும். பிறகு கீழேயிருந்து வரும் கேபிளை, 'வான்' என்ற துளையிலிருந்து எடுத்து 'லான்' என்ற துளைகளில் ஒன்றில் சொருக வேண்டும். அந்தச் சகோதரி முதல் வழியைச் செய்தார். லாப்டாப் 192.168.1.12 ஆயிற்று.

கூப்பிட்டுப் பார்ப்பது

முகவரி சரியாகிவிட்டால், கூப்பிட்டுப் பார்க்கலாம். அதே கறுப்புப் பலகையில் பி, ஐ, என், ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ரௌட்டரின் எண்ணை அடியுங்கள். நான்கு தடவை கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி செகண்டில் பதில் வந்தது என்று காட்டும். ரௌட்டர் பதில் சொன்னால், அடுத்து மற்றக் கம்ப்யூட்டரின் எண்ணை அடியுங்கள்.

இந்த 'பிங்' என்பதை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1983-ஆம் வருஷம் டிசம்பரில், ஒரு நெட்வொர்க் ஏன் சண்டித்தனம் செய்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இதை எழுதினார். கடலுக்கடியில் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சப்தத்தைக் கொண்டே பெயரும் வைத்தார். அவர் 2000-ஆம் வருஷத்தில் ஒரு கார் விபத்தில் காலமாகிவிட்டார். அவர் தந்த சாதனம் இன்றைக்கும் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

இதில் ஏமாறுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும் வரி. அது 'ரிப்ளை' என்று தொடங்குவதால், பதில் வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டுவிடுவோம். அந்த வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அநேகமாக அது உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணாகவே இருக்கும். "தேடினேன், அவரைக் காணோம்" என்று உங்கள் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்கிறது.

இரண்டாவது, பதிலே வராமல் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வருவது. எதிராளி வீட்டில் இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. உள்ளே இருந்துகொண்டே, முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் குரல் கொடுக்காமல் இருக்கும் சுபாவம் விண்டோஸுக்கு உண்டு. அதை அடுத்த படியில் பார்ப்போம்.

மூன்றாவது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கூப்பிட்டுப் பார்ப்பது. இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட வேண்டும். சகோதரியின் வீட்டில் பழைய ஏற்பாடு இருந்தபோது, மாடியிலிருந்து கூப்பிட்டால் ஹாலிலிருந்து பதில் வந்தது. ஹாலிலிருந்து கூப்பிட்டால் மாடியில் கேட்கவில்லை. மாடி ரௌட்டர் தன் குடித்தனக்காரர்களை வெளியே போக விட்டது. வெளியிலிருந்து அழைப்பில்லாமல் வந்தவர்களை உள்ளே விடவில்லை. இப்படி ஒருவழிப் பாதையாக இருந்தால், நடுவில் இன்னொரு ரௌட்டர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாசல் காவல்

இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம். ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் 'ஃபயர்வால்' என்ற காவல்காரர் உண்டு. நீங்கள் இருக்கும் நெட்வொர்க் 'பப்ளிக்'கா, 'பிரைவேட்'டா என்பதைப் பொறுத்து அவர் நடந்துகொள்வார். பப்ளிக் என்றால் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. சுற்றியுள்ள எவரையும் நம்பக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுவார். பிரைவேட் என்றால் சொந்த வீடு. நம் வீட்டு வைஃபையையே ரயில்வே ஸ்டேஷன் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருப்பதுதான் அநேக வீடுகளில் உள்ள கோளாறு.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்ற பகுதிக்குப் போய், நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் இந்த இரண்டும் இருக்கும். சொந்த வீட்டு நெட்வொர்க்காக இருந்தால் பிரைவேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' என்ற இடத்தில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்ற இரண்டையும் பிரைவேட்டுக்கு மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இதைச் செய்ய வேண்டும். ஹாஸ்டலிலோ ஹோட்டலிலோ இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

சிலர், "ஃபயர்வாலை அடியோடு நிறுத்திவிடுங்கள், எல்லாம் சரியாகும்" என்பார்கள். வேறு சிலர், 'எஸ்எம்பி1' என்ற பழைய முறையைத் திரும்பவும் உயிர்ப்பிக்கச் சொல்வார்கள். இரண்டையும் கேட்காதீர்கள். 2017-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி 'வானாக்ரை' என்ற விஷமப் புரோகிராம் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்துப் போயின. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய வழி இந்த எஸ்எம்பி1-தான். அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாஃப்ட் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அதே வருஷத்து இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. காரணத்தோடு எடுத்த பூட்டையா நாம் மறுபடியும் வாசலில் தொங்கவிட வேண்டும்?

இன்னொன்று. பழைய குறிப்புகளில் 'ஹோம்குரூப்' அமையுங்கள் என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 10-இல் அந்த வசதி 2018-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆபீஸில் கொடுத்த லாப்டாப்பாக இருந்தால், அதன் காவலை ஆபீஸ்காரர்கள் வைத்திருப்பார்கள். அதில் கை வைக்காமல் அவர்களைக் கேட்பதுதான் முறை.

பெயரும் சாவியும்

கடைசிப் படி. எந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டுமோ அதை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஃபோல்டரின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷேரிங்' என்று போனால் இடம் வரும். பார்த்தால் போதும் என்றால் 'ரீட்' என்ற அனுமதியே போதும். முழு டிஸ்க்கையும் திறந்துவிடுவது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதற்கு வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுப்பது போலாகும்.

மற்றக் கம்ப்யூட்டரில் 'நெட்வொர்க்' என்ற பட்டியலில் பெயர் தெரியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பெயர் தெரிவது ஒரு வழி. எண்ணைச் சொல்லி நேராகப் போவது இன்னொரு வழி. ஃபோல்டர் ஜன்னலின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில், இடது பக்கம் சாய்ந்த கோடுகள் இரண்டைப் போட்டு, ஒட்டினாற்போல் 192.168.1.7 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெயரால் கிடைக்காமல் எண்ணால் கிடைத்தால், பாதை சரியாக இருக்கிறது, பெயர்ப் பலகையில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

கதவு திறந்து பாஸ்வேர்டு கேட்கும். எந்தக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டுகிறோமோ, அதன் பயனர் பெயரும் பாஸ்வேர்டும்தான் இங்கே செல்லும். தினமும் உள்ளே நுழைய நாம் அடிக்கும் நான்கு இலக்கப் 'பின்' எண் செல்லாது. அது அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் புழங்கும் செல்லாக்காசு. பாஸ்வேர்டே வைக்காத கம்ப்யூட்டராக இருந்தால் இன்னும் சங்கடம். பாஸ்வேர்டு இல்லாத கணக்கின் மூலம் வெளியிலிருந்து யாரும் நுழைய விண்டோஸ் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. சகோதரியின் ஹால் கம்ப்யூட்டரில் பதினோரு வருஷமாகப் பாஸ்வேர்டே கிடையாது! அதற்கு ஒன்றை வைத்த பிறகுதான் தையல் அளவுகளும் புகைப்படங்களும் மாடியில் தெரிந்தன. இரண்டாவது ரௌட்டர் ஒரு பூட்டு, இல்லாத பாஸ்வேர்டு இன்னொரு பூட்டு. ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "இதனால் பிரயோஜனமில்லை" என்று திரும்பவும் பூட்டியிருந்தால், எத்தனை நாள் ஆனாலும் கதவு திறந்திருக்காது. வரிசையாகப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நோட்டுப் புத்தகம்

இணைப்புக் கிடைத்த பிறகு அதோடு இருந்துவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ளவை புதியதற்கும் வந்து சேரட்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் மைக்ரோஸாஃப்ட் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டுவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரை ஒரே பெட்டகமாக நம்பியிருப்பது விவேகமல்ல. பீரோவில் வைத்த பிரதியையும் அழித்துவிட வேண்டாம். ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால்தான் பத்திரம்.

சோதனைக்காக எழுதிய அந்த நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண், ரௌட்டரின் எண் என்ன, எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று அதிலேயே வரிசையாக எழுதி வாருங்கள். பாஸ்வேர்டுகளைத் தனித் தாளில் எழுதி, நகைப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். அநேக வீடுகளில் இந்த விவரங்கள் ஒரே ஒருவருடைய மனத்தில்தான் இருக்கின்றன. அவர் வெளியூரில் இருக்கும்போதுதான் இணைப்பும் அறுந்து போகும். காஸ் சிலிண்டர் எப்போது மாற்றினோம், பால் கணக்கு எவ்வளவு என்பதெல்லாம் வீட்டு அம்மாள் அறிந்திருப்பது போல, இதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்த தடவை ரிப்பேர்க்காரர் வந்தால் நோட்டை அவரிடம் நீட்டுங்கள். "கேபிள் சரியாக இருக்கிறது. இரண்டு எண்களும் ஒரே தெருதான். ரௌட்டர் பதில் சொல்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரையில் போகிறது, அதற்கு மேல் போகவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் உங்களிடம் யாரும் ஃபார்மட் என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள்.